விதர்பா பருத்திக் காட்டில் மூன்று நாள்

‘இப்போது இருக்கும் பி.டி. பருத்தியில் காய்ப்புழு நிற்கவில்லை. இதைவிட வீரியமான விதை எப்போது வரும்?’

நமது கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதம் இது. பதில் எழுத உட்கார்ந்தேன்; பேனா நகரவில்லை. ஏனென்றால் அதே கேள்வி என் காட்டிலும் நின்றுகொண்டிருந்தது. போன வருடம் விருதுநகர் மாவட்டத்தில் உள்ள என் மானாவாரிக் கரிசலில் முதல் எடுப்பு நன்றாக இருந்தது. இரண்டாவது எடுப்பில் காய் பாதிதான் வெடித்தது. வெடிக்காத காயைப் பிளந்தால் சுளை மஞ்சளடித்துக் கிடந்தது. இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு புழு. மூன்றாவது எடுப்புக்கு ஆள் விடவே இல்லை. கூலிக்குக் கட்டாது.

என் தங்கச்சி மாப்பிள்ளை ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பஞ்சு வாங்கித் தரும் தொழிலில் இருப்பவர். வருடத்தில் நாலு மாதம் மகாராஷ்டிராவில்தான் இருப்பார். இந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. “மச்சான், புழுவைப் பத்தி எழுதணும்னா அது குடியிருக்கிற ஊரைப் பார்த்துட்டு எழுதுங்க” என்றார். டிசம்பர் மாதம், எங்கள் ஊர்ப் பருத்தி சப்பை கட்டிப் பூவெடுக்கத் தொடங்கிய நேரத்தில், அவரோடு ரயில் ஏறினேன்.

கரிசலில் இருந்து கரிசலுக்கு

சென்னையில் இருந்து டில்லி போகும் ரயிலில் ஓர் இரவு. பல்லார்ஷா தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மண்ணின் நிறம் நம்ம ஊர் நிறமாக மாறுகிறது. அதே கரிசல். நாக்பூரில் இறங்கி, அங்கிருந்து யவத்மாலுக்குச் சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். வார்தா ஊரையும் வார்தா ஆற்றையும் கடந்து போக வேண்டும். காந்தியடிகள் 1936-ல் போய்த் தங்கிய சேவாகிராமம் இந்த வழியில்தான் இருக்கிறது.

சாலையின் இரண்டு பக்கமும் கண் போகிற தூரம் பருத்தி. நாம் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைக்கிறோம். இவர்கள் ஜூன் மாத மழைக்கே விதைத்துவிடுகிறார்கள். அதனால் நம் காட்டில் பூ எடுக்கும்போது இங்கே இரண்டாவது, மூன்றாவது எடுப்பு நடக்கிறது. இடுப்பில் துணியை மடித்துப் பை போலக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகப் பருத்தி எடுக்கிறார்கள். மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஜின்னிங் மில்லுக்குப் பருத்தி போகிறது.

யவத்மாலுக்குச் சற்று முன்னால் கலம்ப் என்ற சிறு நகரம். அதன் அருகில் ஒரு கிராமத்தில் மாப்பிள்ளைக்குப் பழக்கமான விவசாயி வீட்டில் தங்கினோம். அறுபதைத் தாண்டிய பெரியவர். மாப்பிள்ளை அவரை ‘காகா’ என்று கூப்பிடுகிறார்; நம்ம ஊர்ச் சித்தப்பா மாதிரி. ஐந்து ஏக்கர் மானாவாரி. சோள ரொட்டியும், கடலை மாவில் செய்த பிட்லாவும், பச்சை மிளகாய்த் துவையலும் வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “உங்க ஊர்லயும் குலாபி போண்ட அளி வந்துடுச்சா?”

குலாபி என்றால் ரோஜா நிறம். போண்ட் என்றால் காய். அளி என்றால் புழு. நாம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்கிறோம். பெயர்தான் வேறு, கவலை ஒன்று.

துவரை வரிசை சொன்ன கதை

மறுநாள் காலையில் அவருடைய காட்டுக்குப் போனோம். சில வரிசை பருத்தி, இடையில் ஒரு வரிசை துவரை. காடு முழுக்க இப்படியே. நாம் உளுந்தும் பாசிப்பயறும் ஊடுபயிராகப் போடுகிற மாதிரி இவர்களுக்குத் துவரை.

பெரியவரின் மகன் அகோலா வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்தவர். அவர் ஒரு துவரைக் காயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சைப் புழு. “இது பழைய எதிரி. 2002-ல பி.டி. பருத்தி வந்ததே இதை அடக்கத்தான். இன்னைக்கும் இது பி.டி. பருத்தியில பெரிசா தலை தூக்கல. ஆனா குலாபி தலை தூக்கிடுச்சு. ஏன் தெரியுமா?”

காரணத்தை அந்தத் துவரை வரிசையே காட்டியது. பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று வீடுகள் பல. பி.டி. நஞ்சையே பார்க்காமல் அங்கே ஏராளமாக வளர்கிறது. பருத்தியில் ஒன்றிரண்டு புழு நஞ்சைத் தாங்கித் தப்பித்தாலும், அந்தாக மாறி இணை தேடும்போது துவரையில் வளர்ந்த சாதாரண அந்துதான் கிடைக்கும். பிறக்கும் குஞ்சுக்குத் தாங்கும் சக்தி இருக்காது, பி.டி. இலையைத் தின்றதும் செத்துவிடும்.

இளஞ்சிவப்புப் புழுவுக்கு அநேகமாகப் பருத்தியை விட்டால் வேறு வீடு கிடையாது. ஊர் முழுக்கப் பி.டி. பருத்தியாக இருந்தால், தப்பித்தவை தப்பித்தவற்றோடுதான் சம்பந்தம் செய்யும். பிறப்பதெல்லாம் தாங்கும் குஞ்சு. நாமே சலித்துச் சலித்து வீரியமான புழுவைப் பொறுக்கி எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

2009-ம் ஆண்டுப் பயிரில் குஜராத்தின் அம்ரேலி உள்ளிட்ட சில மாவட்டங்களில் ஒற்றைப் புரதப் பி.டி. பருத்தியைத் தாங்கும் இளஞ்சிவப்புப் புழு இருப்பது 2010-ல் வெளியே வந்தது. அதற்கு முன்பே, 2006-ல், இரண்டு புரதம் கொண்ட விதை வந்திருந்தது. சில வருடங்களில் அந்த இரண்டையும் புழு தாங்கிக்கொண்டது. 2017-ல் விதர்பா காடுகளில் காய் முழுக்கப் புழு.

பூட்டும் சாவியும்

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, இந்தப் புரதம் எப்படி வேலை செய்கிறது என்று மகன் விளக்கினார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க, நான் குறித்துக்கொண்டேன்.

பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் நோயில் செத்த பட்டுப்புழுவில் இதைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் பெர்லினர் என்பவர் மாவு அந்தின் புழுவில் கண்டார். அந்த ஊர்ப் பெயரால்தான் ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’. இந்த பாக்டீரியா வித்தாக மாறும்போது, கற்கண்டு போல ஒரு புரதப் படிகத்தைச் சேர்த்தே உருவாக்குகிறது. அதை உருவாக்கும் மரபணுவைப் பருத்தியில் வைத்தால் செடியே அந்தப் புரதத்தைச் செய்துகொள்கிறது.

புழு தின்றதும் நடப்பது இது. புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே புரதம் கரைகிறது. குடல் நொதிகள் அதை வெட்டித் தீட்டுகின்றன. தீட்டிய புரதம் குடல் சுவரில் உள்ள சில குறிப்பிட்ட இடங்களில் போய்ப் பொருந்துகிறது. பூட்டில் சாவி பொருந்துவது போலத்தான். பொருந்திய புரதங்கள் ஒன்று சேர்ந்து குடலில் ஓட்டை போடுகின்றன. புழு தின்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் சாகிறது. நம் வயிறு அமிலத்தன்மை உள்ளது. இந்தப் பூட்டும் நம் குடலில் இல்லை. அதனால் நமக்கு அது சாதாரணப் புரதம்போலச் செரித்துவிடுகிறது.

புழு என்ன செய்தது? பூட்டை மாற்றிவிட்டது. இந்தியாவில் எடுத்த எதிர்ப்புப் புழுக்களில், முதல் புரதம் பொருந்தும் ‘கேதரின்’ என்ற பூட்டு சிதைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இரண்டாவது புரதத்துக்கு எதிராக வேறொரு மரபணு மாறியிருந்தது.

சாவியைத் திருத்துகிறார்கள்

“அப்ப புதுச் சாவி செய்ய முடியாதா?” என்று கேட்டேன். நம் வாசகர் கேட்டதும் இதுதானே.

முடியும், செய்கிறார்கள். மூன்று வழிகளை அவர் சொன்னார்.

ஒன்று, வெட்டித் திருத்துவது. கேதரினில் பொருந்திய பிறகு புரதத்தின் ஒரு நுனி வெட்டுப்பட வேண்டும். அப்போதுதான் அவை கூட்டுச் சேர்ந்து ஓட்டை போடும். கேதரின் சிதைந்த புழுவில் இந்த வெட்டு நடக்காது. மெக்சிகோ ஆய்வாளர்கள் சோபெரோன், பிராவோ ஆகியோர் அந்த நுனியை முன்பே நீக்கிவிட்டுப் புரதத்தைச் செய்தார்கள். கேதரின் சிதைந்த இளஞ்சிவப்புப் புழுவை அது கொன்றதை 2007-ல் வெளியிட்டார்கள். பிறகு வேறு பூச்சிகளில் சோதித்தபோது எல்லாவற்றிலும் ஒரே அளவு பலன் கிடைக்கவில்லை.

இரண்டு, வேறு பூட்டுக்கு இழைப்பது. அமெரிக்காவில் டேவிட் லியூ குழுவினர் ஆய்வகத்தில் புரதத்தை நூற்றுக்கணக்கான முறை சிறிது சிறிதாக மாறவிட்டு, கோஸ் பயிரைத் தின்னும் ஒரு புழுவின் குடலில் வேறு இடத்தில் பொருந்தும் புரதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்ப்பு பெற்ற அந்தப் புழுவிடம் பழைய புரதத்தைவிட 335 மடங்கு வரை அதிக வீரியம் காட்டியதை 2016-ல் அறிவித்தார்கள்.

மூன்று, ஒட்டுக் கட்டுவது. மாவில் ஒட்டுக் கட்டுவது போல, வெவ்வேறு பி.டி. புரதங்களின் பகுதிகளைச் சேர்த்து ஒரே புரதமாக்குவது. அல்லது ‘விப்’ என்ற வேறு குடும்பப் புரதத்தைக் கூடச் சேர்ப்பது. இந்த பாக்டீரியா வளரும் பருவத்திலேயே வெளியில் விடும் புரதம் அது. குடலில் அது பொருந்தும் இடமும் வேறு. ஆஸ்திரேலியாவில் இந்த மூன்றாவது புரதமும் சேர்ந்த பருத்தியைப் பயிரிடுகிறார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம். அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார்: “முதல் சாவி வந்தப்பவும் இப்படித்தான் சந்தோஷப்பட்டோம். ரெண்டாவது வந்தப்பவும்.”

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சாவி தொலைந்தால்

அந்த ஊரில் 2017-ஐ யாரும் மறக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. சாறுறிஞ்சும் பூச்சிக்கும் புழுவுக்குமாக, கிடைத்த மருந்தைக் கலந்து கலந்து அடித்தார்கள். தலைக்கு மேல் பிடித்து அடிக்கும்போது மருந்து முகத்தில் இறங்கும். யவத்மால் மாவட்டத்தில் அந்த ஒரு பருவத்தில் விஷம் ஏறி ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். பெரும்பாலும் கூலிக்கு மருந்தடித்தவர்கள். பெரியவர் தன் பழைய தெளிப்பானைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அந்த வருடத்துக்குப் பிறகு அதைத் தோளில் போடவில்லை என்றார்.

காய்க்குள் போய்விட்ட புழுவுக்கு எந்த மருந்தும் எட்டாது. முட்டையில் இருந்து வந்த ஒன்றிரண்டு நாளில் அது பூவுக்குள்ளோ பிஞ்சுக்குள்ளோ நுழைந்துவிடுகிறது. அதனால்தான் செடிக்குள்ளேயே இருக்கும் புரதம் அத்தனை விலைமதிப்பு உள்ளதாக இருந்தது.

கடைத் தெருவில் இன்னொன்றையும் கேள்விப்பட்டேன். ‘பி.ஜி. 3’, ‘புது டெக்னாலஜி’ என்று ரசீது இல்லாமல் விதை விற்கிறார்களாம். புழுவுக்குப் புதிய புரதம் என்று நம்பிச் சிலர் வாங்குகிறார்கள். அது களைக்கொல்லியைத் தாங்கும் விதை. அரசு அனுமதி இல்லாதது. புழு விஷயத்தில் பழைய புரதம்தான். நம் பக்கமும் இந்தப் பேச்சு வந்தால் ஏமாற வேண்டாம்.

சின்னப் பொட்டலம்

மூன்றாம் நாள் கிளம்பும்போது பெரியவர் என்னைக் கேட்டார்: “பி.டி. விதையோட ஒரு சின்னப் பொட்டலம் வருமே, அதை என்ன பண்ணீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாக வரும். காட்டைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதை விதைக்க வேண்டும். அதில் வளரும் புழு பி.டி. நஞ்சைப் பார்க்காதது. அது அந்தாகிப் போய், தப்பித்த அந்தோடு இணைந்தால் குஞ்சுகள் மறுபடி நஞ்சுக்கு அடங்கும். துவரை பச்சைப் புழுவுக்குச் செய்த அதே வேலை.

நான் அந்தப் பொட்டலத்தைப் பல வருடம் வரப்பில் வீசியிருக்கிறேன். ‘புழுவுக்கு எதுக்கு இடம் விடணும்’ என்று நினைத்தேன். அவரும் வீசியிருக்கிறார். அவர் ஊரே வீசியிருக்கிறது. இப்போது பல விதைப் பைகளில் சாதாரண விதையைக் கலந்தே தருவது நாம் வீசியதால்தான்.

திரும்பும் ரயிலில் அமெரிக்காவின் அரிசோனா கதையை மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அங்கே 1996-ல் இதே முதல் புரதத்தோடுதான் தொடங்கினார்கள். சாதாரணப் பருத்திக்குப் பத்து வருடம் ஒழுங்காக இடம் விட்டார்கள். 2006-ல் இருந்து மலடாக்கிய அந்துகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தார்கள். அறுவடை முடிந்ததும் செடியை அழித்தார்கள். 2018 அக்டோபரில், தங்கள் பருத்திப் பகுதிகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இல்லை என்று அந்த நாடு அறிவித்தது. சீனாவின் யாங்சே பள்ளத்தாக்கில் பி.டி. விதையோடு நாலில் ஒரு பங்கு சாதாரணச் செடி கலந்த இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். ஏறிக்கொண்டிருந்த எதிர்ப்பு இறங்கியது.

“அப்ப சாவி ஒண்ணுதான் மச்சான். வச்சுக்கிட்டவங்க கைதான் வேற” என்றார் மாப்பிள்ளை.

வாசகருக்கு என் பதில்

வீரியமான புரதங்கள் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆனால் ஆய்வகத்தில் கொல்லும் புரதம் விதையாக நம் கைக்கு வர, செடியில் வைத்துச் சோதித்து, உணவுப் பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் பார்த்து, அரசு அனுமதி பெற வேண்டும். இந்தியப் பருத்தியில் 2006-ல் வந்த இரட்டைப் புரதத்தைத்தான் இன்றும் நம்பியிருக்கிறோம். அதனால் இந்தப் பருவத்துக்கான பதில் விதைக்கடையில் இல்லை. புதியது வந்தாலும், நாம் பழையபடி நடந்தால் அதையும் சில வருடங்களில் இழப்போம்.

நான் இந்த வருடம் என் காட்டில் செய்பவற்றை எழுதுகிறேன். உங்களுக்கும் உதவும்.

விதைத்த 45-ம் நாளில் ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கான குப்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். பச்சைக் காய்ப்புழுவின் குப்பி இதற்கு உதவாது. குப்பியை மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று இரவு, பொறிக்கு 8 அந்து வீதம் விழுந்தால் எச்சரிக்கை.

பூக்களைப் பாருங்கள். விரியாமல் ரோஜா மொட்டுப் போலச் சுருண்டு நிற்கும் பூவுக்குள் புழு இருக்கும். பறித்து அழியுங்கள். வாரம் ஒரு முறை இருபது செடியில் இருந்து இருபது பச்சைக் காய் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டு காயில் புழு இருந்தால் வேளாண் அலுவலரிடம் காட்டி, அப்போது மட்டும் மருந்து பற்றி முடிவெடுங்கள்.

பருத்தியை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டுக் கிடை போடுங்கள். மிஞ்சிய காயை ஆடு தின்றுவிடும். காட்டுக்கு உரமும் ஆகும். மறுதாம்பு வேண்டவே வேண்டாம்.

பருத்திமார்ப் படப்புதான் எங்கள் வீட்டில் சண்டைக்கு வந்தது. அடுப்புக்கு அதுதான் விறகு. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்க்குள் புழு உறங்கிக் கிடந்து அடுத்த பருவத்துக்கு எழும். அம்மாவிடம் பேசி, காய்களை உருவி எரித்துவிட்டு மாரை மட்டும் அடுக்குவது, அடுத்த விதைப்புக்குள் எரித்துத் தீர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இதை ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு. அந்துக்கு வரப்பு தெரியாது. ஊர்கூடி ஒரே வாரத்தில் விதைத்து, ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். மகாராஷ்டிராவில் ஜூன் மாதத்துக்கு முன் பருத்தி விதை விற்கக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டதே, புழுவுக்குத் தீனி இல்லாத சில மாதங்களை உண்டாக்கத்தான்.

பருத்தி போடாதவர்களுக்கும் ஒரு சொல். மக்காச்சோளப் படைப்புழுவுக்கும் முட்டைக்கோஸ் வைரமுதுகுப் பூச்சிக்கும் பி.டி. பொடி கடையில் கிடைக்கிறது. லேபிளில் உள்ள அளவைப் பாருங்கள்; பெரும்பாலும் லிட்டருக்கு 2 கிராம். புழு சிறிதாக இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வெயில் புரதத்தைக் கெடுத்துவிடும். மக்காச்சோளத்தில் குருத்துக்குள் விழ வேண்டும். தாமிர மருந்தோடு கலக்காதீர்கள். மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது. இந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான். இதையே வாராவாரம் அடிக்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஹவாய்த் தீவுகளில் தொடர்ந்து அடித்ததால் வைரமுதுகுப் பூச்சி பி.டி.-யைத் தாங்கியது 1990-லேயே தெரியவந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் காட்டுக்குப் போனேன். பருத்தி மஞ்சளாகப் பூத்திருந்தது. இந்தத் தடவை விதைக்கும்போது, வரப்போரம் ஐந்து வரிசைக்குப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் நாட்டுப் பருத்தி விதை வாங்கிப் போடலாமா என்று யோசித்து, வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். அந்த வரப்போரம் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த புரட்டாசிக்கு அந்த ஐந்து வரிசை இருக்கும்.